வீட்டுக்குள் ஒரு நாடு: ஹங்கேரியப் பழம்படங்கள் சொல்லும் கதைகள்

சித்தூரின் பெயரைத் தென்னாடெங்கும் கொண்டு சென்ற கலைஞர் யார் என்று கேட்டால், முதியோர் எவரும் தயங்காமல் நாகையாவின் பெயரைச் சொல்லுவர். அவர் 1904-இல் பிறந்தது ரேபல்லெயில்; ஆனால் சித்தூர் நாடக மேடையே அவரை வளர்த்தது. ஆகவே ஊர்ப் பெயர் அவர் பெயருக்கு முன்னே நின்று நிலைத்துவிட்டது. அவர் 1953-இல் ஒரே கதையை இரு மொழிகளில் படமாக்கினார். தமிழில் அதன் பெயர் 'என் வீடு'. தெலுங்கில் 'நா இல்லு'. மொழி இரண்டாயினும் வீடு ஒன்றே என்பதை அந்தத் தலைப்புகளே சொல்லுகின்றன அல்லவா? திருப்பதியில் பயிலும் தமிழ் மாணவர்களாகிய நமக்கு இது நன்றாக விளங்கும்.

இனி ஒரு சொல்லாராய்ச்சி. ஐரோப்பாவின் நடுவே உள்ள ஹங்கேரி நாட்டு மொழியில் வீட்டை 'ஹாஸ்' என்பர். 'ஹாஸம்' என்றால் என் வீடு. 'ஹாஸ்பன்' என்றால் வீட்டில். 'ஹாஸம்பன்' என்றால் என் வீட்டில். சொல்லின் பின்னே உருபுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளுகின்றன. நம் தமிழும் தெலுங்கும் இவ்வாறு ஒட்டுநிலை மொழிகளே. இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டுதான் கால்டுவெல் ஐயர், 1856-இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கண நூலில், திராவிட மொழிகளையும் ஹங்கேரிய மொழி சேர்ந்த குடும்பத்தையும் உறவாகக் கருதினார். இக்கால மொழியறிஞர் அந்த உறவை ஏற்பதில்லை. உறவு இல்லாமற் போனாலும் சாயல் பொய்யன்று. அவர்கள் பெயர் எழுதும் முறையும் நம்மைப் போன்றதே. குடும்பப் பெயர் முன்னே, இட்ட பெயர் பின்னே. தெலுங்கர் 'இண்ட்டி பேரு' என்று வீட்டுப் பெயரை முன்வைப்பதை நாம் நாள்தோறும் வகுப்பறையில் கேட்கிறோமே, அவ்வாறே!

இந்த நாட்டுத் திரைப்படங்களைப் பற்றி நாம் ஏன் படிக்க வேண்டும்? ஹங்கேரியின் மக்கள் தொகை ஒரு கோடிக்குச் சற்றுக் குறைவு. அண்டை நாட்டு மொழிகள் எவற்றோடும் ஒட்டாத தனிமொழி. முதல் உலகப் போருக்குப் பின் 1920-இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் பழைய நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இழந்த நாடு. பின்னர் மற்றொரு போர், அயலார் படை, 1956-இல் ஒரு மக்கள் எழுச்சி, அதன் வீழ்ச்சி. இத்தனை துன்பங்களையும் கண்ட மக்கள் தங்கள் வரலாற்றை எவ்வாறு படமாக்கினர்? போர்க்களங்களையும் அரண்மனைகளையும் காட்டியா? பெரும்பாலும் இல்லை. ஒரு வீட்டைக் காட்டினர். அந்த வீட்டுக்குள் நாடு முழுவதும் தெரிந்தது. இதுவே இக்கட்டுரையின் கருத்து. ஐந்து படங்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

சாப்பாட்டு மேசையில் ஒரு போராட்டம்

1931-ஆம் ஆண்டு நமக்கு நினைவிருக்க வேண்டிய ஆண்டு. அவ்வாண்டு அக்டோபர் 31-இல் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' வெளிவந்தது. அதில் தமிழோடு தெலுங்கும் கலந்து ஒலித்தது. அதற்கு ஒரு மாதத்துக்குள், நவம்பரில், ஹங்கேரியில் 'ஹிப்போலிட் என்னும் பணியாள்' என்ற பேசும் படம் வெளிவந்தது. இயக்கியவர் இஷ்ட்வான் செகெய்.

கதை எளியது. வண்டிப் போக்குவரத்துத் தொழிலில் பணம் சேர்த்த ஷ்னைடர் என்பவர் வெங்காயத்தை விரும்பி உண்ணும் எளிய மனிதர். அவர் மனைவிக்குப் பிரபு வாழ்க்கையின்மேல் ஆசை. ஒரு பிரபுவின் மாளிகையில் 27 ஆண்டுகள் வேலை பார்த்த ஹிப்போலிட்டை வேலைக்கு அமர்த்துகிறாள். வந்தவனோ வேலைக்காரனாக நடக்கவில்லை, வாத்தியாராக நடக்கிறான். எதை உடுப்பது, எதை உண்பது, எப்படி உட்காருவது என்று முதலாளியையே ஆட்டி வைக்கிறான். மகளுக்கும் பெரிய இடத்து மாப்பிள்ளை தேடப்படுகிறது. அவள் மனமோ தந்தையின் கம்பெனி நிர்வாகியிடம் இருக்கிறது. முடிவில் ஷ்னைடர் பொறுமை இழந்து, பணியாளை வெளியேற்றித் தம் பழைய வாழ்க்கைக்குத் திரும்புகிறார்.

இது வெறும் நகைச்சுவையா? பேரரசு மறைந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியும் பிரபுக்களின் நிழல் மக்கள் மனத்தை விட்டு அகலவில்லை என்பதை அந்தச் சாப்பாட்டு மேசை காட்டிவிடுகிறது. நம் 'சபாபதி'யிலும் (1941) முதலாளியும் வேலைக்காரனும் நம்மைச் சிரிக்க வைக்கின்றனர். ஆனால் அங்கே சிரிப்பு இருவரின் அறியாமையால் பிறப்பது. இங்கே சிரிப்பு தன் வீட்டிலேயே விருந்தாளியாகிப் போன மனிதனைக் கண்டு பிறப்பது. உணவையும் உடையையும் பிறர் சொல்லித் திருத்திக்கொண்ட அனுபவம் நம்மில் எவருக்குத்தான் இல்லை?

வீடு இழந்த பிள்ளைகள்

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. பெற்றோரை இழந்த சிறுவர்கள் கூட்டங்கூட்டமாகச் சாலைகளில் அலைந்தனர். அவர்களைப் பற்றி 1947-இல் கேசா ராத்வானி எடுத்த படம் 'எங்கோ ஐரோப்பாவில்'. திரைக்கதையில் பங்கு கொண்டவர்களுள் பேலா பாலாஜ் ஒருவர். திரைப்படக் கலையைப் பற்றி உலகில் முதன்முதலாக ஆழ்ந்து எழுதியோருள் அவரும் ஒருவர். பல ஆண்டுகள் அயல்நாடுகளில் வாழ்ந்து, 1945-இல் தாயகம் திரும்பியவர்.

பசியால் திருடத் தொடங்கிய சிறுவர் கூட்டம் பாழடைந்த கோட்டை ஒன்றில் அடைக்கலம் புகுகிறது. அங்கே தனிமையில் வாழும் இசைவாணர் ஒருவரைக் காண்கிறது. முதலில் அவரையே கொல்லத் துணிந்த பிள்ளைகள், மெல்ல மெல்ல அவருடைய மாணவர்கள் ஆகின்றனர். விடுதலையைப் பாடும் பிரெஞ்சுப் பண் ஒன்றைச் சீழ்க்கையில் இசைக்க அவர் கற்றுத் தருகிறார். கோட்டையைச் செப்பனிடுகின்றனர், தங்களுக்குள் சட்டம் வகுத்துக்கொள்ளுகின்றனர். ஊரார் திருடர் கூட்டம் என்று அவர்களைத் தாக்கவரும்போது குக்ஷி என்னும் சின்னஞ்சிறுவன் குண்டடிபட்டு இறக்கிறான். முடிவில் அந்தக் கோட்டை பிள்ளைகளுக்கே உரிமையாகிறது.

படத்தின் தலைப்பைக் கவனியுங்கள். 'ஹங்கேரியில்' என்று சொல்லாமல் 'எங்கோ ஐரோப்பாவில்' என்றனர். வீடற்ற குழந்தைக்கு நாடு ஏது? வீடு என்பது சுவரும் கூரையுமா, அல்லது ஒருவர்க்கொருவர் வகுத்துக்கொண்ட நியாயமா என்ற வினாவை இப்படம் எழுப்புகிறது.

நிலம் கேட்கும் மணமகள்

ஹங்கேரியப் படங்களுள் எனக்கு மிகவும் நெருக்கமானது ஸோல்டான் ஃபாப்ரி இயக்கிய 'குடைராட்டினம்'. இம்ரெ ஷர்கடியின் சிறுகதையைத் தழுவி 1955-இல் உருவாகி, 1956-இல் வெளிவந்து, அவ்வாண்டே கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. கதாநாயகி மாரியாக நடித்தவர் மாரி தெரெச்சிக். அப்போது அவர் நடிப்புக் கல்லூரி மாணவி. வயது இருபதை எட்டவில்லை. 1976-இல் அதே கான் விழாவில் மற்றொரு படத்துக்காகச் சிறந்த நடிகை விருது பெற்றவரும் அவரே.

கதை நடப்பது 1953-இல். கூட்டுறவுப் பண்ணையில் சேர்ந்திருந்த பட்டக்கி என்ற உழவர், தம் நிலத்தோடு அதைவிட்டு வெளியேறுகிறார். கூட்டாளியாக வாய்க்கும் ஷாண்டோருக்குத் தம் மகள் மாரியைக் கொடுக்க முடிவு செய்கிறார். அவர் கணக்கில் அது இரண்டு மனங்கள் சேருவதன்று. இரண்டு வயல்கள் சேருவது. மாரியோ பண்ணையிலேயே இருக்கும் மாத்தே என்ற இளைஞனை விரும்புகிறாள்.

சந்தையில் இருவரும் குடைராட்டினத்தில் சுற்றும் காட்சி உண்டு. நிலம் கீழே சுழல, இருவரும் காற்றில் பறக்கின்றனர். நிலமே எல்லாமென்று எண்ணும் உலகில், அவர்கள் கால் நிலத்தைத் தொடாத அந்தச் சில விநாடிகள்தாம் அவர்களுடைய விடுதலை. பின்னர் ஒரு கலியாண வீட்டில், ஊரார் அனைவரும் பார்க்க, தந்தையும் ஷாண்டோரும் பார்க்க, இருவரும் மூச்சிரைக்க ஆடுகின்றனர். பாட்டின் சுழற்சியில் ராட்டினத்தின் சுழற்சி மீண்டும் நம் கண்முன் எழுகிறது. வசனத்தால் சொல்ல முடியாததை இயக்கம் சொல்லிவிடுகிறது. முடிவில் மாரி தந்தையின் வீட்டைவிட்டு வெளியேறி மாத்தேயிடம் செல்லுகிறாள்.

கூட்டுறவுப் பண்ணையைச் சேர்ந்தவனே நல்லவன் என்று காட்டுவது அன்றைய ஆட்சிக்கு உகந்த கதை. அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் இன்று படம் பார்ப்பவர் மனத்தில் நிற்பது பண்ணை அன்று. அந்தப் பெண்ணின் முகம். நல்ல கலைஞன் தனக்கு இடப்பட்ட வேலியை உடைக்காமலே தாண்டிவிடுகிறான்.

இப்படத்தை நம் பக்கத்துப் படமொன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். பி. என். ரெட்டி இயக்கி 1951-இல் வெளிவந்த தெலுங்குப் படம் 'மல்லீசுவரி'. பானுமதியும் என். டி. ராமராவும் நடித்தது. திருமலைக் கோயிலில் இரு தேவியரோடு கைகூப்பி நிற்கும் கிருஷ்ணதேவராயரை நாம் அறிவோம். அவரே இக்கதையின் அரசர். மாறுவேடத்தில் வந்த அரசரிடம், இவளுக்குப் பல்லக்கு அனுப்புங்கள் என்று நாகராஜு விளையாட்டாகச் சொல்லுகிறான். சொன்னபடியே பல்லக்கு வந்துவிடுகிறது. செல்வத்தில் மயங்கிய தாய் மகளை அனுப்பிவிடுகிறாள். காதலர் பிரிகின்றனர்; அந்தப்புரத்தில் மீண்டும் சந்தித்துப் பிடிபடுகின்றனர்; அரசரின் கருணையால் விடுதலை பெறுகின்றனர்.

இரு கதைகளிலும் பெண்ணைப் பெற்றவரின் ஆசையே பெண்ணுக்குச் சிறை. அங்கே வயல், இங்கே பல்லக்கு. ஆனால் முடிவில் வேற்றுமை பெரிது. மல்லீசுவரிக்கு விடுதலை அரசரின் வாயிலிருந்து வருகிறது. மாரிக்கு விடுதலை அவள் கால்களிலிருந்து வருகிறது. எது உயர்ந்த படம் என்பதன்று கேள்வி, இரண்டும் உயர்ந்தவையே. எந்த முடிவு நம் ஊர்ப் பெண்களுக்கு இன்று தேவை என்பதே கேள்வி. மாந்தோப்பும் கிணறும் பார்த்து மணம் பேசும் வழக்கம் சித்தூர்ச் சீமைக்குப் புதியதா? நம்மோடு பயிலும் தங்கையரைக் கேளுங்கள், அவர்கள் சொல்லுவார்கள்.

வீடே இல்லாத வெளி

நான்காவது படத்தில் வீடே இல்லை. மிக்லோஷ் யஞ்சோ 1965-இல் எடுத்து, 1966-இல் திரையிடப்பட்ட படம் 'ஏழை வாலிபர்கள்'. கதை நடப்பது 1869-இல். கோஷூத் தலைமையில் 1848-இல் மூண்ட விடுதலைப் போர் தோற்று, அதன் வீரர்களுள் எஞ்சியோர் வழிப்பறிக் கூட்டங்களாகச் சிதறிய காலம். ஷாண்டோர் ரோஜா என்ற தலைவனின் ஆட்களைக் கண்டுபிடிக்க, ஐயத்துக்குரிய உழவர்களைப் பரந்த சமவெளியின் நடுவே ஒரு மதிலுக்குள் அடைக்கின்றனர்.

உன்னைவிட அதிகக் கொலை செய்தவனைக் காட்டினால் உனக்கு உயிர்ப்பிச்சை என்று ஒருவனிடம் சொல்லப்படுகிறது. அவன் காட்டிக்கொடுக்கத் தொடங்குகிறான். அடியும் உதையும் குறைவு. ஐயம் ஒன்றே ஆயுதம். கடைசியில் ரோஜாவுக்குப் பேரரசர் மன்னிப்பு வழங்கினார் என்ற செய்தி அறிவிக்கப்படுகிறது. மகிழ்ச்சி தாங்காமல் வீரர்கள் கோஷூத்தின் பாடலைப் பாடுகின்றனர். பாடியதால் தாங்கள் யார் என்பதைத் தாங்களே காட்டிக்கொண்டனர். மன்னிப்புத் தலைவனுக்கு மட்டுமே; அவனைப் பின்பற்றியவர்களுக்குத் தண்டனை! மகிழ்ச்சியையே பொறியாக வைத்த கொடுமையை வேறு எந்தப் படத்தில் கண்டோம்?

1869-இன் கதையைப் பார்த்த மக்கள் 1956-ஐ நினைத்துக்கொண்டனர். எழுச்சி அடக்கப்பட்ட பின் நிகழ்ந்த விசாரணைகள் அவர்கள் நெஞ்சில் ஆறாத புண்ணாக இருந்தன. நேரே சொல்ல முடியாததைப் பழங்கதையில் வைத்துச் சொல்லுவது நமக்கும் புதிதன்று. அயலார் ஆட்சியில் நம் நாடக மேடைகள் புராண வேடத்தில் விடுதலை பேசினவே!

பொய்யால் கட்டிய அன்பு

ஐந்தாவது படம் 'அன்பு'. காரோய் மக் இயக்கி 1971-இல் வந்தது. கான் விழாவில் நடுவர் பரிசு பெற்றது. டிபோர் தேரியின் இரு சிறுகதைகளைத் தழுவியது. தேரி 1956 எழுச்சியில் பங்கு கொண்டமைக்காகச் சிறை சென்ற எழுத்தாளர். மகன் யானோஷாக நடித்த இவான் தர்வாஷும் அவ்வாறே சிறையில் இருந்தவர்.

படுக்கையில் கிடக்கும் முதிய தாய். அவளைக் காண நாள்தோறும் மலரோடு வருகிறாள் மருமகள் லூட்சா. மகன் அமெரிக்காவில் பெரிய படம் எடுத்துக்கொண்டிருக்கிறான் என்பது தாயின் நம்பிக்கை. அவனிடமிருந்து கடிதங்கள் வருகின்றன, படித்துப் பூரிக்கிறாள். உண்மையில் மகன் அரசியல் கைதி. கடிதங்களை எழுதுபவள் லூட்சா. அவளுக்கோ வேலை போய்விட்டது. கணவன் உயிரோடு இருக்கிறானா என்பதும் தெரியாது. ஆயினும் மாமியாரின் முன்னே சிரிக்கிறாள். தாய் இறந்துவிடுகிறாள். அதன் பின்னரே மகன் விடுதலையாகி வருகிறான்.

இதில் சிறைக்கூடத்தைவிடப் படுக்கையறையே அதிகம். ஆனால் ஓர் ஆட்சி எத்தகையது என்பதை அந்தப் பொய்க் கடிதங்களைப் போல் வேறெதுவும் சொல்லவில்லை. உண்மை பேசினால் ஒரு கிழவியின் உயிர் போய்விடும் என்ற நிலையை உண்டாக்கியது எது? லூட்சாவாக நடித்தவர் அதே மாரி தெரெச்சிக். ராட்டினத்தில் பறந்த பெண், பதினாறு ஆண்டுகளுக்குப் பின், அதே கண்களில் அழுகையை அடக்கி நிற்கிறார்.

நண்பர்களே, விடுதியிலிருந்து வீட்டுக்குப் பேசும்போது நாமும் சிறு பொய்கள் சொல்லுவதுண்டு. 'சாப்பாடு நன்றாயிருக்கிறது அம்மா. உடம்புக்கு ஒன்றுமில்லை' என்கிறோம். அம்மாவும் அங்கிருந்து அவ்வாறே ஒரு பொய்யைத் திருப்பித் தருகிறாள். இரு பக்கமும் அறிந்த பொய். ஆனாலும் அதில் அன்பு இருக்கிறது. இப்படம் நமக்கு விளங்குவதற்கு ஹங்கேரிய மொழி தேவையில்லை.

நாம் கற்பது யாது?

ஐந்து படங்களையும் சேர்த்து நோக்கினால் ஒரு முறை புலப்படும். வரலாறு எங்கோ வெளியில் நடக்கிறது. அதன் அடி விழுவது வீட்டில். மேசை, கோட்டை, கலியாண வீடு, மதில், படுக்கையறை என்று இடம் மாறுகிறதே அன்றி முறை மாறவில்லை. ஆகவே பழைய படமொன்றைப் பார்க்கும்போது நான்கு வினாக்களைக் கேட்டுப் பழகுங்கள். இது யாருடைய வீடு? அந்த வீட்டுக்கு வெளியே நாட்டில் அப்போது என்ன நடந்தது? சொல்லாமல் விடப்பட்டது எது? கதையின் முடிவை முடிவு செய்பவர் யார்? இந்த நான்கும் கையிலிருந்தால் ஹங்கேரியப் படமாயினும் சரி, நாகையாவின் 'தியாகய்யா'வாயினும் சரி (1946), உள்ளே புக வழி கிடைக்கும். தஞ்சை மன்னரின் பரிசை வேண்டாமென்று மறுத்த அந்த இசைஞானியின் வீட்டுக்குள்ளும் ஒரு நாடு இருந்தது. தமிழ் மண்ணில் தெலுங்கில் பாடிய வீடு அது.

இறுதியாக ஒன்று. 1960 ஏப்ரல் 1-இல் ஆந்திர, சென்னை மாநில எல்லை மாற்றப்பட்டது. திருத்தணி அந்தப் பக்கம் சென்றது; சத்தியவேட்டுப் பகுதி இந்தப் பக்கம் வந்தது. வரைபடத்தில் அது ஒரு கோடு. ஆனால் அந்தக் கோட்டின் இருபுறமும் வீடுகள் இருந்தன. அண்ணன் ஒரு மாநிலம், தங்கை ஒரு மாநிலம் என்றான குடும்பங்கள் இருந்தன. பாட்டி தமிழில் கதை சொல்ல, பள்ளியில் தெலுங்கில் பாடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இருந்தனர். நகரியிலும், புத்தூரிலும், சித்தூரிலும், குப்பத்திலும் இன்றும் அத்தகைய வீடுகள் உண்டு. நம்மிற் பலர் அங்கிருந்து வந்தவர்களே.

அந்த 1960-ஐ நேரில் கண்ட முதியோர் நாளுக்கு நாள் குறைந்துவருகின்றனர். இந்த விடுமுறையில் ஊருக்குச் சென்றால் உங்கள் தாத்தாவையோ பாட்டியையோ அருகில் அமர்த்தி, எல்லை மாறிய நாளில் நம் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். ஒரு கோடி மக்கள்கூட இல்லாத நாடு தன் வீடுகளின் கதையால் உலகை நிமிர்ந்து பார்க்க வைத்தது. நம் வீட்டின் கதையை நாம் எழுதாவிட்டால், நமக்காக அதனை எழுத வருவோர் யார்?